புண்ணாக்கைத் திட்டும் முன் மூட்டையைப் பிரித்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வளர்ப்பு மீனுக்குச் சோயாவும் புண்ணாக்கும் தவிடும் போட்டு வளர்ப்பதால் மீனில் சத்தும் இல்லை, ருசியும் இல்லை என்று உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைக் குடியாத்தம் பக்கம் நிறையப் பேர் படித்திருக்கிறார்கள். படித்ததோடு விடாமல் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டிருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை என் குட்டைக்கு மீன் வாங்க வந்தவர்களில் பாதிப் பேர் செல்போனை நீட்டி அதைக் காட்டித்தான் விலையைக் குறைக்கச் சொன்னார்கள். அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் என் கோபத்தை வெட்டிவிடுங்கள், விவரத்தை வெட்டாதீர்கள்.

முதலில் அந்த ஒமேகா-3 கணக்கு, மீனில் இருக்கிற, உடம்புக்கு நல்லது என்று சொல்கிற கொழுப்புச் சத்து அது. வளர்ப்பு மீனில் ஒமேகா-3 பாதியாகக் குறைந்துவிட்டது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். பொய்யில்லை, ஆனால் எந்த மீனில் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். அது ஸ்காட்லாந்துக் கடலில் கூண்டு கட்டி வளர்க்கிற சால்மன். ஸ்டிர்லிங் பல்கலைக்கழகத்தார் 2006-லிருந்து 2015 வரைக்குமான 3,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளைப் பார்த்துவிட்டு 2016-இல் வெளியிட்ட ஆய்வு. பாதியாகக் குறைந்த பிறகும் அந்தச் சால்மனில் மற்ற பெரும்பாலான மீன்களைவிடவும், ஆடு மாடு கோழி எல்லாவற்றையும்விடவும் ஒமேகா-3 அதிகம் என்று அதே ஆய்வில் எழுதியிருக்கிறார்கள். அந்த வரி மட்டும் எப்படியோ உங்கள் கட்டுரைக்கு வந்து சேரவில்லை.

சால்மன் மற்ற மீனைத் தின்று வாழ்கிற மீன். நார்வேயில் 1990 வாக்கில் அதன் தீவனத்தில் சுமார் 90 சதவீதம் மீன்தூளும் மீன் எண்ணெயுமாக இருந்தது, 2013-இல் அது 30 சதவீதத்துக்கு வந்துவிட்டது, மிச்சத்தைச் சோயாவும் கோதுமைப் புரதமும் கடுகு இனத்து எண்ணெயும் நிரப்பின. மீன் எந்த எண்ணெயைத் தின்கிறதோ அந்த எண்ணெயின் சாயல்தான் அதன் சதையில் படியும், அதனால் ஒமேகா-3 குறைந்தது. சரி, ஏன் மாற்றினார்கள்? ஒரு கிலோ மீன்தூள் வேண்டுமென்றால் நாலைந்து கிலோ பச்சை மீனை அரைக்க வேண்டும். உலகத்துக்கே மீன்தூள் கொடுக்கிற பெரு நாட்டில் 2023-இல் கடல் சூடாகி நெத்திலி இனத்து மீன் பிடிப்பின் முதல் பருவத்தையே ரத்து செய்தார்கள், விலை எங்கேயோ போனது. நம் மங்களூரு, மால்பே பக்கத்து ஆலைகளிலும் வண்டி வண்டியாக மத்தி அரைபடுகிறது. ஏழை வீட்டுச் சட்டிக்கு வர வேண்டிய மத்தியை அரைத்துப் பணக்கார வீட்டுத் தட்டுக்கு ஒரு மீனாக மாற்றுவதற்குப் பதில், சோயாவைப் போடுவது எனக்கு ஒன்றும் பெரிய பாவமாகத் தெரியவில்லை.

அதெல்லாம் அவர்கள் ஊர்க் கதை. வேலூர் மீன் மார்க்கெட்டில் நீங்கள் வாங்குகிற கெண்டை இனத்துக் கட்லாவும் ரோகுவும் மிர்காலும் எப்போது மீன்தூள் தின்று வளர்ந்தன, இப்போது புண்ணாக்குக்கு மாறுவதற்கு? கட்லா மேல்மட்டத்தில் வாயை அண்ணாந்து வைத்துக்கொண்டு தண்ணீரில் மிதக்கிற நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்கிற மீன், ரோகு நடுத்தண்ணீரில் பாசியும் அழுகிய இலைதழையும் தின்னும், மிர்கால் அடிச்சேற்றைக் கிளறும், புல் கெண்டைக்குப் புல்லை அறுத்துப் போட்டால் மாடு மாதிரி மேயும். அரிசித் தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதி கலந்து போடுவது நம் பக்கம் எத்தனையோ காலமாக இருக்கிற வழக்கம். வட ஆற்காடு கடலை விளைகிற சீமை, ஆரணியில் அரிசி மில், திரும்பின பக்கமெல்லாம் எண்ணெய் ஆட்டுகிற செக்கு, இங்கே மீனுக்குப் புண்ணாக்கு போடாமல் வேறு எதைப் போடுவது? கடைகளில் விற்கிற கெண்டைத் தீவனத்திலும் மீன்தூள் சொற்பம்தான்.

அப்படியென்றால் தீவனத்தால் மீனின் தரம் மாறவே மாறாதா என்று கேட்டால், நன்றாக மாறும். கட்டுரை தொட்டிருக்க வேண்டியது அதைத்தான், தொடவே இல்லை.

ஒரு மூட்டைப் புண்ணாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல கடலைப் புண்ணாக்கை உடைத்தால் உள்ளே மங்கலான பழுப்பாக, வறுத்த கடலை வாசனையோடு இருக்கும், கையில் லேசாக எண்ணெய்ப் பசை ஒட்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் தரையில் அடுக்கி வைத்த மூட்டையைத் தை மாதம் பிரித்தால் ஓரத்துக் கட்டிகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருக்கும், உடைக்கிற இடத்தில் மஞ்சள் கலந்த பச்சையாக ஒரு பூஞ்சை படர்ந்திருக்கும், பழைய சாக்கு நெடி அடிக்கும். அந்தப் பூஞ்சை விடுகிற விஷத்தின் பெயர் அஃப்ளாடாக்சின். அதைக் கண்டுபிடித்ததே கடலைப் புண்ணாக்கில்தான். 1960-இல் இங்கிலாந்தில் பிரேசில் புண்ணாக்கைத் தின்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்த பிறகுதான் உலகம் அந்தப் பெயரைக் கேட்டது. அதே காலத்தில் அமெரிக்காவில் பண்ணை ட்ரவுட் மீன்களுக்குக் கூட்டம் கூட்டமாக ஈரலில் கட்டி வந்தது, தேடிப் பார்த்தால் பூஞ்சை பிடித்த பருத்திக்கொட்டை மாவு. இந்த விஷம் மீனின் சதையில் பெரிதாகத் தங்குவதில்லை, ஈரலைத்தான் அரிக்கும். ஆனால் ஈரல் கெட்ட மீன் வளராது, சின்ன நோயையும் தாங்காது, அப்போது குட்டைக்காரர் மருந்துக் கடைக்கு ஓடுவார், ஆன்டிபயாட்டிக்கை அள்ளிப் போடுவார். மீன் வாங்குகிறவர் பயப்பட வேண்டிய இடம் இது. போன மழைக்கு எங்கள் பக்கத்து வியாபாரி ஒருவர் எனக்கே இப்படிக் கட்டி பிடித்த மூட்டைகளைத் தள்ளிவிடப் பார்த்தார். வெயிலில் காய வைத்தால் சரியாகிவிடும் அண்ணே என்றார். வெயிலில் பூஞ்சை சாகலாம், அது விட்ட விஷம் அவ்வளவு லேசில் போகாது. திருப்பி அனுப்பிவிட்டேன், அந்த மூட்டைகள் வேறு யார் குட்டைக்குப் போனதோ.

தவிட்டிலும் இதே மாதிரி ஒரு சங்கதி உண்டு. பச்சரிசித் தவிட்டில் இருக்கிற ஒரு நொதி, மில்லை விட்டு வெளியே வந்த சில நாளிலேயே அதிலுள்ள எண்ணெயைக் கெடுத்துச் சிக்கு வாடை அடிக்க வைத்துவிடும், அக்னி நட்சத்திர வெயிலில் கேட்கவே வேண்டாம். புழுங்கல் தவிட்டில் நெல் வெந்தபோதே அந்த நொதி செத்துவிடுவதால் அது தாக்குப் பிடிக்கும். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் கோசிபால் என்று ஒரு விஷப்பொருள், மாடு ஓரளவு சமாளிக்கும், மீனுக்கு அளவு மீறினால் ஆகாது. சோயாவைச் சரியாகச் சூடு செய்யாமல் பச்சை மாவாகப் போட்டால் மீனுக்குச் செரிக்காது. இலுப்பைப் புண்ணாக்கு என்ன செய்யும் தெரியுமா? குஞ்சு விடும் முன் குட்டையில் இருக்கிற வேண்டாத மீன்களைக் கொல்லவே அதைத்தான் கரைத்துவிடுகிறோம், பத்து லட்சம் பங்கு தண்ணீருக்கு 250 பங்கு போட்டால் போதும், இரண்டு மூன்று வாரத்தில் வீரியம் போய் அதுவே எருவாகிவிடும். இத்தனையும் தாவரம்தான் ஐயா. எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு 'தாவரத் தீவனம்' என்று தலைப்பு வைத்தால் என்ன அர்த்தம்?

அப்புறம் அந்தச் சேற்று வாடை. மீன் வாங்க வருகிறவர்கள் சொல்கிற குறைகளில் பெரியது இதுதான், கட்டுரையும் இதைப் புண்ணாக்கின் தலையில் கட்டிவிட்டது. சேற்று வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்கிற ஒரு பொருள், முதல் மழை விழுந்ததும் மண்ணிலிருந்து கிளம்புகிற வாசனையும் அதே பொருள்தான். குட்டையில் நீலப்பச்சைப் பாசியும் அடிமண்ணில் இருக்கிற சில நுண்ணுயிர்களும் அதை உண்டாக்குகின்றன, மீனுக்கு அது செவுள் வழியாக ஏறிக் கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆக வாடை வருவது தண்ணீரிலிருந்து. ஆனால் தண்ணீர் ஏன் அப்படிக் கெடுகிறது என்று கேட்டால், அங்கே புண்ணாக்குக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நான் மறைக்க மாட்டேன். தானியத்திலும் புண்ணாக்கிலும் இருக்கிற பாஸ்பரஸில் பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற பூட்டுக்குள் இருக்கிறது. கெண்டை இனத்துக்கு வயிறே கிடையாது, குடல்தான், அந்தப் பூட்டைத் திறக்க அதற்குத் தெரியாது. செரிக்காத பாஸ்பரஸ் கழிவாகத் தண்ணீருக்குப் போகிறது, பாசிக்குக் கொண்டாட்டம். தீவனத்தில் ஃபைட்டேஸ் என்ற நொதியைச் சேர்த்தால் இதில் கணிசமானதைக் குறைக்கலாம், நல்ல கம்பெனித் தீவனங்களில் சேர்க்கிறார்கள். அதைவிட முக்கியம், மாவாகக் கரைத்துத் தண்ணீரில் வீசாமல் இருப்பது. ஆந்திராவில் கொல்லேறு, பீமவரம் பக்கம் பெரிய குட்டைகளில் தவிட்டையும் புண்ணாக்கையும் ஓட்டை போட்ட பைகளில் நிரப்பிக் கம்பில் கட்டி வரிசையாகத் தண்ணீரில் தொங்கவிடுகிறார்கள். மீன் வந்து ஓட்டையில் வாய் வைத்து உறிஞ்சும்போது பை மெல்ல ஆடும், இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்த்தால் எவ்வளவு தின்றிருக்கிறது, எவ்வளவு மிச்சம் என்று கைக்கே தெரிந்துவிடும். நம் பக்கம் இன்னும் பலர் கரையில் நின்று முறத்தால் விசிறிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதில் மீன் தின்பது பாதி, குட்டை தின்பது பாதி.

வாடை உள்ள மீனை என்ன செய்வது? பிடிக்கும் முன் இரண்டு நாள் தீவனத்தை நிறுத்திவிட்டு, பிடித்த மீனைச் சுத்தமான போர்வெல் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் விட்டு வைத்தால் வாடை இறங்கும். கொழுப்பு ஏறிய மீனில் மெதுவாகத்தான் இறங்கும். இதற்குத் தொட்டி வேண்டும், கரன்ட் வேண்டும், எடை கொஞ்சம் குறையும், அந்தச் செலவுக்கு யாரும் கூட விலை கொடுப்பதில்லை என்பதால் பலர் செய்வதில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி, ஜியோஸ்மின் புளிப்பில் சிதைந்துவிடும். நம் வீடுகளில் கெண்டையைப் புளித் தண்ணீரில் அலசுவதும் குழம்பில் கெட்டியாகப் புளி கரைத்து ஊற்றுவதும் சும்மா வந்த பழக்கம் இல்லை. குழம்பில் தெரியாத வாடை வறுவலில் தெரிவதும் அதனால்தான், மசாலாவில் எலுமிச்சையைக் கொஞ்சம் தாராளமாகப் பிழியுங்கள்.

'ஏரி மீன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்' என்று கட்டுரையில் ஒருவர் சொல்லியிருக்கிறார். காவேரிப்பாக்கம் ஏரி மீன் என்று சொன்னாலே இங்கே விலை கூடுகிறது, சந்தோஷம். ஆனால் ஏரியில் இருக்கிற கட்லாவும் ரோகுவும் தானாக வந்தவை இல்லை, குஞ்சு வாங்கி விட்டவைதான். ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையை மீன்பாசி ஏலத்தில் எடுத்தவர் போட்ட பணத்தை எடுக்க வேண்டும், கோழி எருவைக் கொட்டுகிறவரும் இருக்கிறார், இறைச்சிக் கடைக் கழிவைக் கொட்டுகிறவரும் இருக்கிறார், ஒன்றும் போடாமல் விடுகிற நல்லவரும் இருக்கிறார். ஏரி, குட்டை என்று பிரிப்பதில் ஒரு உண்மை மட்டும் உண்டு. தண்ணீரில் இயற்கையாக விளைகிற நுண்ணுயிர்களைத் தின்கிற மீனுக்கு ஒமேகா-3 அதன் வழியாகக் கொஞ்சம் வருகிறது. கடலைப் புண்ணாக்கிலும் தவிட்டிலும் இருக்கிற எண்ணெயில் அது கிட்டத்தட்ட இல்லை. பிளாஸ்டிக் விரித்த குட்டையில் மீனை நெருக்கி விட்டு மூட்டைத் தீவனத்தை மட்டுமே நம்பி வளர்த்தால் ஒமேகா-3 குறைவாகத்தான் இருக்கும், வயிற்றைக் கீறினால் குடலைச் சுற்றி வெள்ளையாகக் கொழுப்பு அப்பியிருக்கும். குட்டையில் சாணியும் எருவும் அளவோடு போட்டுத் தண்ணீரை இளம்பச்சையாக வைத்துக்கொண்டு, புண்ணாக்கைத் துணைத் தீவனமாகப் போடுகிறவருடைய மீன் ஏரி மீனுக்குக் குறைந்ததில்லை.

இதை வெளிநாட்டில் ஒரு தொழிலாகவே செய்திருக்கிறார்கள். செக் நாட்டில் கிறிஸ்துமஸுக்குக் கெண்டை சாப்பிடுவது வழக்கம். அங்கே தெற்கு போஹிமியா பல்கலைக்கழகத்தார் ஆளி விதையும் கடுகு இனத்துப் புண்ணாக்கும் கலந்த குருணையைக் குட்டைக் கெண்டைக்குக் கொடுத்து ஒமேகா-3 கூடின கெண்டை என்றே விற்க வழி செய்தார்கள். கடல் மீனைப் போலில்லாமல் நன்னீர் மீனுக்கு ஆளி விதையில் இருக்கிற கொழுப்பை ஓரளவுக்கு மீன் எண்ணெய்க் கொழுப்பாக மாற்றிக்கொள்ளும் திறமை உண்டு. சீனாவில் குவாங்தோங் மாகாணத்தில் புல் கெண்டைக்கு மொச்சையைப் போல இருக்கும் ஃபாபா பயறை மாதக்கணக்கில் கொடுக்கிறார்கள், சதை இறுகி, வெந்த பிறகும் கடித்தால் நறுக்கென்று இருக்குமாம், அதற்குச் சாதாரணப் புல் கெண்டையைவிட விலை அதிகம். இரண்டுமே தாவரத் தீவனம், இரண்டிலும் மீனின் தரம் மாறியிருக்கிறது, வாங்குகிறவர் கூடுதல் விலை கொடுக்கிறார். நம் ஊரில் ஆளி விதை விலைக்கு அது கட்டுமா என்பது வேறு கேள்வி. முழுக்காலமும் போட வேண்டாம், பிடிப்பதற்கு முந்தைய சில மாதங்களில் எண்ணெயை மாற்றினாலே சதை பெருமளவு மாறும் என்பது சால்மனில் பார்த்த விஷயம்தான், நம் கெண்டைக்கும் நம் விலைவாசிக்கும் எது பொருந்தும் என்று விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையமும் மீன்வளப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு பருவம் நாலு குட்டையில் செய்து காட்டினால் நான் என் குட்டையைக் கொடுக்கத் தயார்.

கடைசியாக மூட்டைக்கு வருகிறேன். நாங்கள் வாங்குகிற தீவன மூட்டையின் மேல் புரதம் 28, கொழுப்பு 4 என்று பெரிதாக எழுதியிருக்கும். இந்தப் புரதக் கணக்கு எப்படி வருகிறது என்றால், தீவனத்தில் இருக்கிற நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள். நைட்ரஜன் சோயாவிலிருந்து வந்தாலும் கணக்கு ஒன்றுதான், யூரியாவிலிருந்து வந்தாலும் கணக்கு ஒன்றுதான். சீனாவிலிருந்து போன கோதுமைப் புரதத்தில் மெலமின் என்ற நைட்ரஜன் மிகுந்த ரசாயனத்தைக் கலந்து 2007-இல் அமெரிக்காவில் நாய் பூனைத் தீவனம் விஷமானது இந்த ஓட்டையால்தான், அது மீன் தீவனத்துக்குள்ளும் புகுந்திருந்தது. வங்கதேசத்தில் தோல் பதனிடுகிற கழிவைப் புரதம் என்று கோழிக்கும் மீனுக்கும் போட்டுக் குரோமியம் ஏறிய கதை உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்குக் குரோமியத்தைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நம் பக்கம் அப்படி நடக்கிறது என்று நான் சொல்லவில்லை, நடந்தால் 28 என்ற எண்ணைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது என்கிறேன்.

குட்டைக்காரனுக்கு ஆகிற செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிறது. அவ்வளவு பணம் கொடுத்து வாங்குகிற மூட்டையில் என்னென்ன புண்ணாக்கு, எத்தனை சதவீதம், எந்த எண்ணெய், எந்தத் தேதியில் அரைத்தது, அஃப்ளாடாக்சின் பரிசோதித்ததா என்று தமிழில் எழுதியிருக்க வேண்டும். கெண்டைத் தீவனத்துக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 16150 என்று ஒரு தரம் வகுத்திருக்கிறது, அந்த எண் எத்தனை மூட்டையில் இருக்கிறது என்று உங்கள் நிருபர் ஒரு நாள் தீவனக் கடைகளில் சுற்றிப் பார்க்கட்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கோழிக்காரர்களுக்காகத் தீவனப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது, அதனால் அங்கே கோழிப் பண்ணைக்காரர் லாரி வந்தவுடன் மாதிரி எடுத்து அனுப்பிவிட்டுத்தான் மூட்டையை இறக்குகிறார். குடியாத்தத்தில் ஐம்பது சென்ட் குட்டை வைத்திருப்பவர் நாலு மூட்டைப் புண்ணாக்குக்காக நாமக்கல்லுக்கு மாதிரி அனுப்புவாரா? பழைய வட ஆற்காடு இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நாலு மாவட்டமாக நிற்கிறது, நாலுக்கும் சேர்த்து இந்தப் பக்கமே ஒரு பரிசோதனைக் கூடம் கேட்கிறோம். மழைக்காலத்துக்கு முன் மீன்வளத் துறை அதிகாரிகள் கடைகளில் மாதிரி எடுத்து முடிவை வெளியிட வேண்டும் என்றும் கேட்கிறோம். இந்த இரண்டையும் நீங்கள் ஒரு தலையங்கத்தில் எழுதினால் போதும், மீன் விலையை நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பண்ணைக்குட்டை விவசாயி ஒருவர்,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.